யாருடைய மின்னழுத்தம்? யாருடைய மின்னோட்டம்?

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தை நடத்தி முடித்த பிறகு, கரும்பலகையில் இரண்டு சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். மின்திறன் = மின்னோட்டம்² × மின்தடை என்பது முதலாவது. மின்திறன் = மின்னழுத்த வேறுபாடு² ÷ மின்தடை என்பது இரண்டாவது. எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மின்தடை அதிகமானால் மின்திறன் கூடுமா, குறையுமா?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். முதல் வரியைப் பார்த்தவர்கள் கூடும் என்பார்கள். இரண்டாம் வரியைப் பார்த்தவர்கள் குறையும் என்பார்கள். சமன்பாட்டை மனப்பாடம் செய்து எண்களைப் போட்டு விடை காணும் மாணவருக்கு இதில் சிக்கலே தெரியாது. யோசிக்கிற மாணவர்தான் எழுந்து நின்று, "சார், ரெண்டுமே சரியான ஃபார்முலா. எப்படி ரெண்டு பதில் வரும்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் அன்றைய பாடம் வெற்றி.

இரண்டு சமன்பாடுகளும் ஓம் விதியிலிருந்து பிறந்தவையே. மின்திறன் என்பது மின்னழுத்த வேறுபாட்டையும் மின்னோட்டத்தையும் பெருக்கக் கிடைப்பது. அதில் மின்னழுத்தத்துக்குப் பதில் மின்னோட்டம் × மின்தடை என்று இட்டால் முதல் சமன்பாடு. மின்னோட்டத்துக்குப் பதில் மின்னழுத்தம் ÷ மின்தடை என்று இட்டால் இரண்டாவது. முரண்பாடு சமன்பாட்டில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. மின்தடையை மாற்றும்போது வேறு எது மாறாமல் இருக்கிறது என்று கேள்வி சொல்லவே இல்லை. மின்னோட்டம் மாறாதிருந்தால் மின்தடை கூடக் கூட மின்திறன் கூடும். மின்னழுத்தம் மாறாதிருந்தால் குறையும். எனவே எண்களைப் பிரதியிடும் முன் மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டியது இது: இந்த மின்னழுத்தம் எந்த இரு புள்ளிகளுக்கு இடையே உள்ளது? இந்த மின்னோட்டம் எதன் வழியே செல்கிறது? இந்த மின்தடை எந்தப் பொருளுடையது? மூன்றும் ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தால்தான் அவற்றை ஒரே சமன்பாட்டில் வைக்கலாம்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது.

இரு சக்கர வாகன பல்புகள் போதும்

230 வோல்ட் மின்சாரத்தை வகுப்பறைச் சோதனைக்குத் தொடவே வேண்டாம். இரு சக்கர வாகன உதிரிபாகக் கடையில் 12 வோல்ட், 10 வாட் இண்டிகேட்டர் பல்பும், 12 வோல்ட், 5 வாட் பார்க்கிங் பல்பும் கிடைக்கும். எல்.இ.டி. வகை வேண்டாம், இழை உள்ள பல்பையே கேட்டு வாங்க வேண்டும். மின்மூலத்துக்கு யூ.பி.எஸ்.ஸில் பயன்படும் 12 வோல்ட் பேட்டரி பொருத்தமானது. ஆனால் பேட்டரியின் முனையிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைத் தொடராக இணைத்துவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்றாலும், அதன் முனைகள் குறுக்கிணைந்தால் ஒயர் சிவக்கும் அளவுக்கு மின்னோட்டம் பாயும்.

முதலில் 10 வாட் பல்பு மட்டும். அம்மீட்டர் தொடரில், வோல்ட்மீட்டர் பல்பின் இரு முனைகளுக்குக் குறுக்கே. மல்டிமீட்டரை ஆம்பியர் நிலையில் வைத்துக்கொண்டு பேட்டரிக்குக் குறுக்கே வைத்துவிடும் பழக்கம் மாணவர்களிடம் உண்டு. மீட்டரின் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போய்விடும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. வோல்ட்மீட்டர் 11.8, அம்மீட்டர் 0.82 என்று காட்டுவதாகக் கொள்வோம். மின்தடை 11.8 ÷ 0.82, அதாவது 14.4 ஓம். மின்திறன் 11.8 × 0.82, அதாவது 9.7 வாட். பல்பின் மேல் பொறித்த 10 வாட்டுக்கு அருகில் வருகிறது. இரண்டே அளவீடுகளில் ஒரு பொருளின் மின்தடையையும் மின்திறனையும் மாணவர் கண்டுபிடித்துவிட்டார்.

அடுத்து 5 வாட் பல்பு. 12 வோல்ட்டில் அதன் மின்தடை 144 ÷ 5, அதாவது 28.8 ஓம். 10 வாட் பல்பைப்போல் இரு மடங்கு. இது சில மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும், ஏனெனில் "பெரிய பல்புக்குப் பெரிய மின்தடை" என்று மனதில் ஒரு கணக்கு இருக்கும். இரண்டையும் பக்க இணைப்பில் இணைத்தால் இரண்டுக்கும் ஒரே 12 வோல்ட். மின்தடை குறைந்த 10 வாட் பல்பு அதிகமாக ஒளிரும். எல்லோரும் எதிர்பார்த்ததுதான்.

இப்போது இரண்டையும் தொடர் இணைப்பில் இணைக்கப் போவதாகச் சொல்லி, எது அதிகம் ஒளிரும் என்று ஊகிக்கச் சொல்லுங்கள். கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைப் பலகையில் குறித்த பிறகே இணைப்பைக் கொடுங்கள். 10 வாட் பல்பு மங்கிக் கிடக்க, 5 வாட் பல்பு எரியும். ஊகத்தை எழுதிவைத்ததால்தான் இந்தக் காட்சி மனதில் தைக்கிறது. நேரே செய்து காட்டியிருந்தால் "ஓகோ" என்பதோடு போயிருக்கும்.

கணக்கிட்டுப் பார்க்கட்டும். மொத்த மின்தடை 43.2 ஓம், மின்னோட்டம் 12 ÷ 43.2, அதாவது 0.28 ஆம்பியர் அளவு. இது இரண்டுக்கும் பொது. எனவே மின்னோட்டம்² × மின்தடை என்ற சமன்பாடு இங்கே பேசுகிறது: மின்தடை இரு மடங்கான பல்பில் மின்திறனும் இரு மடங்கு. 5 வாட் பல்பில் 2.2 வாட், 10 வாட் பல்பில் 1.1 வாட். முதல் வரியா இரண்டாம் வரியா என்று பிரிந்து நின்ற வகுப்பு இங்கே ஒன்றாகிவிடும்.

ஆனால் ஒரு மாணவர் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்த்தால் இன்னொரு புதிர் முளைக்கும். கணக்குப்படி 10 வாட் பல்பின் குறுக்கே 4 வோல்ட், 5 வாட் பல்பின் குறுக்கே 8 வோல்ட் இருக்க வேண்டும். மீட்டரோ 10 வாட் பல்புக்கு 4 வோல்ட்டைவிடக் குறைவாகக் காட்டும். சோதனைப் பிழை என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள்.

குளிர்ந்த இழையும் சூடான இழையும்

பல்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 14.4 ஓம் என்று கணக்கிட்ட அதே பல்பு 2 ஓம் அளவில்தான் காட்டும். கணக்கும் சரி, மீட்டரும் சரி. 14.4 என்பது எரிந்துகொண்டிருக்கும் இழையின் மின்தடை. மீட்டர் காட்டுவது குளிர்ந்த இழையின் மின்தடை. டங்ஸ்டன் இழை வெப்பம் ஏறும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். தொடர் இணைப்பில் 10 வாட் பல்பு சரியாகச் சூடாகவில்லை. அதனால் அதன் மின்தடை 14.4 ஓமுக்கு ஏறவே இல்லை. தன் பங்கு மின்னழுத்தமும் குறைந்துபோயிற்று.

பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போட்ட நொடியில்தான் ஃபியூஸ் போகும் என்பது வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 100 வாட், 230 வோல்ட் பல்பு எரியும்போது 529 ஓம், எடுத்துக்கொள்வது 0.43 ஆம்பியர். ஸ்விட்ச் போடும் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாயும். இழையில் மெலிந்துபோன இடம் இருந்தால் அங்கே அறுந்துவிடும்.

இந்த இடத்தில் ஓம் விதியின் எல்லையையும் சொல்லிவிடலாம். "வெப்பநிலை மாறாதிருக்கும்போது" என்ற நிபந்தனையைப் பாடநூல் வரியாக மட்டும் படித்த மாணவர், இப்போது அது எதற்கென்று கண்ணால் கண்டிருப்பார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் எந்தப் பொருளுக்கும் அந்த நிலையிலான மின்தடை கிடைக்கும். அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதே ஓம் விதி. முதலாவது வரையறை, இரண்டாவது விதி. விடைத்தாள்களில் இவை இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஓமுக்கு வந்த தொல்லை

நிக்ரோம் கம்பியும் டார்ச் செல்லும் வைத்து ஓம் விதியைச் சரிபார்க்கும்போது வரைபடம் நேர்கோடாக வராமல் வளைவதுண்டு. பெரும்பாலும் காரணம் பழைய செல்தான். சுற்றில் இணைக்காதபோது 1.5 வோல்ட் காட்டும் செல், இணைத்ததும் 1.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். குறைந்துபோன 0.3 வோல்ட் செல்லின் உள்ளேயே, அதன் சொந்த அகமின்தடையின் குறுக்கே செலவாகிறது. "செல் 1.5 வோல்ட்" என்று எழுதிக்கொண்டு கம்பியின் மின்னோட்டத்தால் வகுத்த மாணவர், செல்லின் மின்னழுத்தத்தையும் கம்பியின் மின்னோட்டத்தையும் கலந்துவிட்டார். வோல்ட்மீட்டரைக் கம்பியின் முனைகளில் வைக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

இதே தொல்லை ஜார்ஜ் சைமன் ஓமுக்கும் இருந்தது. அவர் அப்போது ஜெர்மனியின் கொலோன் நகரில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த பள்ளி ஆசிரியர். அந்தக் கால மின்கலங்களை வைத்துச் சோதித்தபோது அவற்றின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை. பிறகு தாமிரமும் பிஸ்மத்தும் சேர்ந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் மற்றொன்றைப் பனிக்கட்டியிலும் வைத்தால் வெப்பநிலை வேறுபாடு மாறாது, அதனால் மின்னழுத்தமும் மாறாது. நிலையான மூலம் கிடைத்த பிறகுதான் விதி தெளிந்தது. 1827ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். லண்டன் ராயல் சொசைட்டி 1841இல் அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது.

லோ வோல்டேஜில் இஸ்திரிப் பெட்டி

750 வாட், 230 வோல்ட் என்று பொறித்த இஸ்திரிப் பெட்டி. மாலை நேரத்தில் வீட்டில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மின்னோட்டம் எவ்வளவு?

நிறையப் பேர் 750ஐ 180ஆல் வகுத்து 4.17 ஆம்பியர் என்பார்கள். அதாவது மின்னழுத்தம் குறைந்தால் பெட்டி கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு தன் 750 வாட்டைக் காப்பாற்றிக்கொள்ளும் என்கிறார்கள். ஆனால் 750 வாட் என்பது 230 வோல்ட் கொடுத்தால் மட்டும் கிடைப்பது. பெட்டியின் உள்ளே ஏறத்தாழ மாறாமல் இருப்பது நிக்ரோம் சுருளின் மின்தடை. அது 230² ÷ 750, அதாவது 70.5 ஓம். எனவே 180 வோல்ட்டில் மின்னோட்டம் 2.55 ஆம்பியர், மின்திறன் 459 வாட். மின்னழுத்தம் கால்வாசிக்கும் குறைவாகவே இறங்கியது, மின்திறனோ ஏறக்குறைய 40 விழுக்காடு போய்விட்டது. பெட்டி சூடாக ஏன் அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது இப்போது எண்ணாகத் தெரியும்.

விவசாயக் குடும்பத்து மாணவர் யாரேனும் இருந்தால் இங்கே ஆட்சேபிக்கக் கூடும்: "சார், லோ வோல்டேஜ்ல மோட்டார் ஓட்டினா காயில் கருகிடும்னு அப்பா சொல்வாரு." அவர் அப்பா சொல்வது உண்மை. கிணற்று மோட்டார் வெறும் மின்தடை அல்ல. அது அதே நீரை அதே உயரத்துக்குத் தூக்க முயல்கிறது, வேலை குறையவில்லை, மின்னழுத்தம் குறைந்தால் அதிக மின்னோட்டம் எடுக்கிறது. செம்புச் சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்து ஏறி, காப்புப் பூச்சு கருகுகிறது. மடிக்கணினியின் சார்ஜரும் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொள்ளும். ஆக, 4.17 ஆம்பியர் என்ற தவறான விடை மோட்டாரைப் பொறுத்தவரை திசையளவில் சரியான சிந்தனைதான். அதைச் சிவப்பு மையால் அடித்துவிடாமல், எந்தக் கருவியில் எது மாறாமல் இருக்கிறது என்ற கேள்விக்கு வகுப்பைத் திருப்பலாம்.

11,000 வோல்ட் ஏன்?

இது வகுப்பில் கேட்கப்படும் இன்னொரு நல்ல சந்தேகம். மின்னழுத்தத்தை உயர்த்தினால் ஓம் விதிப்படி மின்னோட்டம் உயர வேண்டும். உயர் அழுத்தக் கம்பியில் மின்னோட்டம் குறையும் என்று பாடம் சொல்கிறதே?

சிறு கணக்கு ஒன்று. போகவும் வரவும் சேர்த்து 1 ஓம் மின்தடை உள்ள கம்பியில் 10 கிலோவாட் அனுப்புகிறோம். 230 வோல்ட்டில் அனுப்பினால் 43.5 ஆம்பியர், கம்பியில் வீணாவது 43.5² × 1, சுமார் 1,890 வாட். 11,000 வோல்ட்டில் அனுப்பினால் 0.91 ஆம்பியர், வீணாவது 0.83 வாட். இனி, வேண்டுமென்றே தவறாக, மின்னழுத்தம்² ÷ மின்தடை என்று 11,000² ÷ 1 போடச் சொல்லுங்கள். 12 கோடியே 10 லட்சம் வாட் வரும். 10 கிலோவாட் அனுப்பிய கம்பியில் 1,21,000 கிலோவாட் எப்படி வீணாகும்? மாணவர்களே சிரித்துவிடுவார்கள். 11,000 வோல்ட் என்பது இரு கம்பிகளுக்கு இடையே உள்ளது. 1 ஓம் என்பது கம்பியின் நீளம் நெடுக உள்ளது. கம்பியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாடு 0.91 வோல்ட்தான். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து தமிழ்நாட்டின் புகளூர் வரை 6,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டத் தடத்தை ±800 கிலோவோல்ட்டில் அமைத்திருப்பதும் இதே கணக்கினால்தான்.

முறுக்கிவிட்ட ஒயர்

கடைசியாக ஒரு கணக்கு. நேரம் இல்லையென்றால் மற்றவற்றை விட்டாலும் இதை நடத்திவிட வேண்டும் என்பது என் கருத்து, ஏனெனில் இது மாணவரின் வீட்டிலேயே இருக்கிறது.

1,500 வாட் ஹீட்டர் ராடு ஒன்றை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருக்கிறார்கள். பாக்ஸின் ஒயர் எப்போதோ அறுந்து, முறுக்கி டேப் சுற்றப்பட்டிருக்கிறது. அந்த முறுக்கு தளர்ந்து, செம்பு கறுத்து, இணைப்பின் மின்தடை 0.5 ஓம் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ராடின் மின்தடை 35.3 ஓம். இரண்டும் தொடரில் உள்ளன. மொத்தம் 35.8 ஓம், மின்னோட்டம் சுமார் 6.4 ஆம்பியர். முறுக்கில் உண்டாகும் வெப்பம் 6.4² × 0.5, ஏறத்தாழ 21 வாட்.

21 வாட் என்றால் சிறியதாகத் தோன்றும். ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்று சொல்லுங்கள். கிட்டத்தட்ட அதே வெப்பம், விரல் நுனி அளவு இடத்தில், பிளாஸ்டிக் டேப்புக்குள், தண்ணீர் காயும் நேரம் முழுவதும். சூட்டில் செம்பு மேலும் கறுக்கும், முறுக்கு மேலும் தளரும், மின்தடை இன்னும் ஏறும்.

வீட்டில் இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் மோசமானது. முறுக்கின் குறுக்கே இழக்கப்படுவது 3.2 வோல்ட் மட்டுமே. ராடுக்கு ஏறக்குறைய 227 வோல்ட் கிடைக்கிறது. தண்ணீர் வழக்கம்போல் காய்கிறது. எம்.சி.பி. விழாது. அது மின்னோட்டம் கூடினால் விழுவது. இங்கே மின்னோட்டம் இம்மியளவு குறைந்திருக்கிறது. கசிவு மின்னோட்டத்தைக் கண்டு துண்டிக்கும் கருவியும் செயல்படாது, மின்சாரம் எங்கும் கசியவில்லையே. ஃபியூஸுக்கும் தெரியாது, மின்மீட்டருக்கும் தெரியாது.

"பல்பு எரியுது, ஒயர் நல்லாத்தான் இருக்கு" என்று சோதித்துப் பார்ப்பார்கள். எல்.இ.டி. பல்பு எடுப்பது 0.1 ஆம்பியருக்கும் குறைவு. அதே முறுக்கில் அப்போது உண்டாகும் வெப்பம் 0.005 வாட்டைத் தாண்டாது. மின்னோட்டம் 64 மடங்கானால் வெப்பம் 64 மடங்கல்ல, 4,096 மடங்கு. இருமடி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப்பணியாக இதைத் தரலாம். ஹீட்டர் ராடு, இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், கிரைண்டர் ஆகியவற்றின் மேல் பொறித்த வாட், வோல்ட் அளவுகளைக் குறித்து வந்து, ஒவ்வொன்றின் மின்னோட்டத்தையும் மின்தடையையும் கணக்கிட வேண்டும். கிரைண்டருக்கு மட்டும் மின்தடைக் கட்டத்தை ஏன் நிரப்பக்கூடாது என்று ஒரு வரி எழுத வேண்டும். கூடவே, வீட்டுப் பெரியவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றிக் காட்டும்போது பின்கள் கறுத்திருக்கின்றனவா, சாக்கெட்டின் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியோ உருகியோ இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். கழற்றுவதும் பிரிப்பதும் மாணவர் வேலையல்ல என்று நோட்டின் முதல் வரியிலேயே எழுதச் செய்யுங்கள். கறுப்பு கண்டவர்கள், அந்தச் சாக்கெட்டில் எந்தக் கருவி சொருகப்படுகிறது, அது எத்தனை ஆம்பியர் எடுக்கிறது, இணைப்பில் 0.5 ஓம் இருந்தால் எத்தனை வாட் வெப்பம் என்ற மூன்று எண்களையும் எழுதி வீட்டில் காட்டட்டும். எலக்ட்ரீஷியனை அழைக்கச் சொல்ல அந்த மூன்று எண்கள் போதும்.